பானட்டைத் திறந்தால் வருகிறவர்

ஊருக்கு ஊர் இப்படி ஒரு ஜென்மம் உண்டு. நீங்கள் காரின் பானட்டைத் தூக்க வேண்டியதுதான், எங்கிருந்தோ வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எஞ்சினை எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார். கூப்பிட்டீர்களா? இல்லை. போகச் சொன்னால் போவாரா? அதுவும் இல்லை.

எங்கள் தூத்துக்குடியில் அவருக்குப் பெயர் ரோச். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது.

காசிலிங்கம் துறைமுகத்துக்கு வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவர். சொந்தக் கார். சித்திரை வெயிலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் பானட்டைத் திறந்தார். கெட்டது குடி.

"ஏலே காசி, உள்ள தெர்மோஸ்டாட்னு ஒண்ணு கெடக்கும். எஞ்சின் சூடாகுத வரைக்கும் தண்ணிய மறிச்சு வைக்கும். குளிரு நாட்டுக்காரன் செஞ்சது. நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு? கழத்தி எறி."

எறிந்தாயிற்று. அன்று முதல், தார் உருகும் ஊரில் அந்த எஞ்சின் மட்டும் சூடேறவில்லை. சூடு காட்டும் முள் அடியிலேயே கிடந்தது, போதிய சூடில்லாத வண்டி டீசலைக் குடித்தது. ரோச் விடுவாரா? தினமும் வந்து, டீசல் மோசம் என்றார், உப்புக்காற்று என்றார், இன்ஜெக்டர் என்றார், மீட்டரே பொய் சொல்கிறது என்றார், வேம்பார் பஸ் ஒன்றுக்கு இதே சீக்கு வந்து அது பிழைக்கவில்லை என்றார். தான் கழற்றச் சொன்னதை மட்டும் சொல்லவே இல்லை.

"அண்ணாச்சி, அந்தத் தெர்மோஸ்டாட்டத் திரும்ப மாட்டிப் பாத்தா என்ன?"

"நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?"

இரண்டு பேருமே இல்லை.

"எஞ்சின் போயிட்டுடே. வந்த வெலைக்குத் தள்ளிரு."

தள்ளிவிட்டார், பாவம். காயல்பட்டினத்து இல்யாஸ் வாங்கி, புதிதாக ஒரு தெர்மோஸ்டாட்டை மாட்டினார். அவ்வளவுதான், வண்டி பழையபடி ஓடுகிறது. ஓட்டுவது யார் என்கிறீர்கள்? காசிலிங்கம்தான். தன் காரிலேயே சம்பளத்துக்கு டிரைவர். எனக்கு வயிறு எரிகிறது. ரோச்சுக்கு எரியவில்லை. நேற்று அந்தப் பானட்டைத் தட்டிக்கொடுத்துச் சொல்லுகிறார்:

"பாத்தியா, கைமாறினா சரியாயிரும்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா."

காசிலிங்கம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலாளி வண்டி, வம்பு எதற்கு?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, 'தெர்மோஸ்டாட்டா? சென்சாராகத்தான் இருக்கும்' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து காசிலிங்கத்தின் பக்கம் போய்விடாதீர்கள். அந்த மனிதருக்கு மிச்சம் இருப்பது டிரைவர் வேலை ஒன்றுதான்.