பதினோராம் பாடத்தில் நான் ராஜினாமா செய்த விவரம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில் அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. நீங்கள், அக்கா, குழந்தைகள், உங்கள் முதுகுவலி எல்லோரும் நலமா? முதுகுவலியையும் குடும்பத்தில் சேர்த்துக் கேட்டதற்கு மன்னிக்கவும். மெத்தைக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு எல்லோரையும் முதுகிலிருந்து விசாரிக்கிற பழக்கம் வந்துவிடுகிறது. இந்தக் கடிதத்தை மட்டும் நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆபீசில் வெளிநாட்டு வாடிக்கையாளர் பிரிவில் எனக்காக ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். மாலை வகுப்பில் வணிக ஆங்கிலம் படித்து ஒரு சர்டிபிகேட் வாங்கி வந்துவிட்டால் உட்கார வேண்டியதுதான் பாக்கி என்று சொல்லி, நீங்களே கையைப் பிடித்து அழைத்துப்போய்ச் சேர்த்தும் விட்டீர்கள். அத்தான், பரீட்சையில் நான் தேறவில்லை. படிக்காமல் ஊர் சுற்றினேன் என்று நினைத்துவிடாதீர்கள். படித்தேன். வாழ்க்கையில் எதையும் இவ்வளவு ஆசையாகப் படித்ததில்லை. கோளாறே அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் டீச்சர் தினமும் பலகையில் ஒரு கைப்பிடி சொற்களை எழுதிப் போடுவார். மறுநாள் வருவதற்குள் ஒவ்வொன்றையும் நிஜமான ஒரு மனிதரிடம் பயன்படுத்திவிட்டு வர வேண்டும் என்பது அவர் சட்டம். எனக்குக் கிடைக்கிற நிஜமான மனிதர்கள் எல்லாம் படுத்துக்கொண்டிருப்பவர்கள். ஸ்பிரிங் மெத்தையைப் படுத்துப் பார்த்த ஒரு பெரியவரிடம் குனிந்து, "உங்க ஃபீட்பேக் என்ன சார்?" என்று கேட்டேன், அவர் குறட்டை விட்டார். தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேச வந்த வீட்டுக்காரரிடம், "இன்னிக்கு அஜெண்டா என்ன?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, மாடிக் குழாய், என் சைக்கிள், நான் ராத்திரி கதவு சாத்துகிற சத்தம் என்று வரிசையாக ஆரம்பித்துவிட்டார், இவ்வளவு நாள் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல. மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில் பின்கட்டில் இருக்கிற ஃபோம் மெத்தையில் சாய்ந்தால் போதும், டார்கெட், குவாட்டர், ஷிப்மென்ட், ஃபாலோ-அப் என்று ஒவ்வொரு சொல்லாக மேலே மின்விசிறிக்குக் கீழே மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். அர்த்தம் தெரிந்த சொற்கள்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அவை எல்லாம் நான் இதுவரை போகாத ஏதோ நல்ல ஊர்களின் பெயர்கள் மாதிரி இருக்கும். முதலாளி வந்து தட்டி எழுப்புகிறவரை நான் அங்கேதான் இருப்பேன்.

பிறகு டீச்சர் வகுப்பையே ஒரு கம்பெனியாக்கினார். கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரே காரணத்தால் என்னை நிர்வாக இயக்குநர் ஆக்கிவிட்டார். லாரி டிரைவர் ஒருவர் நிதிப் பிரிவுத் தலைவர். பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிற பெண் விற்பனைப் பிரிவுத் தலைவர். மீட்டிங் போட்டோம், பட்ஜெட் போட்டோம், இல்லாத வாடிக்கையாளரின் புகாருக்கு மன்னிப்புக் கேட்டோம், தாமதமான சரக்குக்காக டிரைவர் மேசையைத் தட்டிச் சண்டையே போட்டார். எங்கள் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று மட்டும் யாரும் முடிவு செய்யவில்லை. யாருக்கும் அது தோன்றவும் இல்லை. நான் கனவில் அந்தக் கம்பெனிக்குள் போய் வந்திருக்கிறேன், அத்தான். நீளமான வராண்டா, நல்ல வெளிச்சம், கனமே இல்லாத பெரிய பெரிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். நான் வேலை பார்த்த இடங்களிலேயே நல்ல இடம் அந்த இல்லாத இடம்தான்.

அப்படி நடந்துகொண்டிருந்த கம்பெனி ஒன்பதாம் பாடத்தில் நஷ்டத்தில் விழுந்தது. நாங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, புத்தகத்தில் அப்படிப் போட்டிருந்தது. டிரைவர் பொறுமையில்லாதவர், முன்னால் புரட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போய் வந்தார். "சார், பதினொண்ணாவது பாடத்துல ஒரு ஆளை வேலையை விட்டு எடுக்கறோம். பரீட்சையும் அதுலதானாம்." அன்றைக்கு வகுப்பு முடிந்த பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து தமிழிலேயே ஓர் அவசரக் கூட்டம் போட்டோம். "எல்லாரும் சம்பளத்தைக் குறைச்சுக்கலாம் சார், இல்லாத சம்பளம்தானே, பாதியா குறைஞ்சா என்ன கெட்டுப்போச்சு?" என்றார் டிரைவர். நியாயமாகத்தான் பட்டது. டீச்சரிடம் போய்ச் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது சொற்களைப் பழகறதுக்கு. கம்பெனியைக் காப்பாத்தறதுக்கு இல்ல. வீட்டுக்குப் போங்க," என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் விற்பனைப் பிரிவுத் தலைவர் அதைச் சொன்னார். எங்கள் இருவருக்கும் பஸ் நிறுத்தம் ஒரே பக்கம், அதனால் சேர்ந்து நடப்பது வழக்கம், மற்றபடி எங்களுக்குள் ஒன்றுமில்லை. "நான் இப்போ கிளினிக்ல இல்லைங்க," என்றார். "போன மாசமே எடுத்துட்டாங்க. யாரும் கூப்பிட்டுச் சொல்லல. காலையில போனா என் நாற்காலியில வேற ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கு. என் தண்ணி பாட்டிலை மட்டும் எடுத்து ஓரமா வெச்சிருந்தாங்க. நானும் அதை எடுத்துட்டு, 'சரி வரேன்'னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்தப் பொண்ணுதான் பாவம், எழுந்து நின்னுச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அந்த பாட்டில் இப்ப எங்க?" என்று கேட்டுவைத்தேன். இப்படிக் கேட்கிற ஆளைத்தான் நீங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் பேச வைக்கப் பார்த்தீர்கள். பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார், எனக்கு வர வேண்டிய பஸ்ஸும் வந்து போய்விட்டது, நான் அங்கேயே நின்றேன். எங்களுக்குள் ஒன்றுமில்லை என்பதை மறுபடியும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பரீட்சை நாள். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார், தலையை நிமிர்த்தாமல் எழுதுகிற மனிதர். எனக்கு எதிரே விற்பனைப் பிரிவுத் தலைவரையே உட்கார வைத்தார்கள். கையில் கொடுத்த அட்டையில், விற்பனை சரிந்ததால் இந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்குவதாகப் பக்குவமாகத் தெரிவிக்கவும் என்று போட்டிருந்தது. ரெக்ரெட், நோட்டீஸ் பீரியட், ஹேண்டோவர் என்று பயன்படுத்த வேண்டிய சொற்களும் கீழே இருந்தன. எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்துக்கொண்டு, எனக்குப் பதற்றமாக இருக்குமே என்று லேசாகச் சிரித்தார். நான் "அன்ஃபார்ச்சுனேட்லி" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. கிளினிக்கில் ஒருத்தரும் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துச் சொல்கிற முதல் ஆள் நானாகவா இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது, அத்தான். அது நடிப்புத்தான், எனக்குத் தெரியும். அவருக்கு வேலை போனது மட்டும் நடிப்பில்லை. மதிய நேரத்து மயக்கம் மாதிரி அறை முழுக்க மெதுவாகச் சுற்றியது, வராண்டாவில் பெட்டி தள்ளுகிறவர்கள் எல்லோரும் நின்று என்னையே பார்த்தார்கள். அடுத்த நிமிடம் நான் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தேன். விற்பனை சரிந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது, ஆகவே நான் ராஜினாமா செய்கிறேன், நோட்டீஸ் பீரியட் இன்றோடு முடிகிறது, எனக்குப் பதிலாக நீங்கள்தான் நிர்வாக இயக்குநர், ஹேண்டோவரை இப்போதே வைத்துக்கொள்ளலாம் என்று, அட்டையில் இருந்த அத்தனை சொற்களையும் என் தலையிலேயே போட்டுக்கொண்டேன்.

அவர் ஒரு கணம்தான் திகைத்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவான ஆங்கிலத்தில் நன்றி சொல்லிப் பதவியை ஏற்றுக்கொண்டார், ஒருவரையும் வேலையை விட்டு எடுக்கப் போவதில்லை என்று அறிவித்தார். புதிய இயக்குநராகத் தன் முதல் கேள்வி என்று சொல்லி, நம் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "ஸ்லீப்" என்றேன். தேர்வாளர் அப்போதுதான் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

புதிய இயக்குநர் தேறிவிட்டார். நான் தேறவில்லை. "உங்க இங்கிலீஷ்ல ஒரு குறையும் இல்ல," என்றார் டீச்சர் வராண்டாவில் வைத்து. "ஆனா உங்களை நீங்களே வேலையை விட்டு எடுத்துக்கச் சொல்லலையே. மறுபடி எழுதலாம். ஆனா மறுபடியும் பதினோராம் பாடம்தான்." நான் எழுதப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஆகவே அத்தான், அந்த நாற்காலிக்கு நான் தகுதியானவன் இல்லை. நீங்கள் பட்ட சிரமத்தையெல்லாம் வீணாக்கிவிட்டேன், அதை நினைத்தால் உங்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஒரு விண்ணப்பம். அதே சர்டிபிகேட் வைத்திருக்கிற, என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரரான ஒருவர் வேலை இல்லாமல் இருக்கிறார். அந்த நாற்காலியை அவருக்குக் கொடுங்கள். நியாயத்துக்காகத்தான் கேட்கிறேன், எங்களுக்குள் ஒன்றுமில்லை. நான் இந்த மெத்தைகளோடு காலத்தை ஓட்டிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு என் அன்பும் ஆசியும். பெரியவளை நன்றாகப் படிக்கச் சொல்லவும், ரொம்ப ஆசையாகப் படிக்க வேண்டாம் என்றும் சொல்லவும். எல்லோரும் நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறை வாங்கிவரக் கிளம்பியபோது விற்பனைப் பிரிவுத் தலைவரே கடைக்கு வந்துவிட்டார். சரக்கு அனுப்புகிற ஓர் ஆபீசில் தானே போய்க் கேட்டு வேலை வாங்கிவிட்டாராம், திங்கட்கிழமை சேருகிறார். ஆகவே மேலே கேட்ட நாற்காலி வேண்டாம். அவரைப் பற்றி எழுதியிருப்பதால் விவரமெல்லாம் சரிதானா என்று பார்க்கச் சொல்லி இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தேன். ஒற்றைக் கட்டில் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உறை சரசரக்க, ஒரு வரி விடாமல் படித்தார். "எல்லாம் சரியா இருக்கு," என்றார். "'எங்களுக்குள் ஒன்றுமில்லை'ன்னு மூணு இடத்துல எழுதியிருக்கீங்களே, அது யாரைக் கேட்டு எழுதினீங்க?"

அத்தான், எனக்குப் பதில் வரவில்லை. தமிழிலும் வரவில்லை. அவர் இன்னும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். அக்காவைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்பி வரவும்.