தூங்கும் பேரனைத் தொட்டிலில் இறக்கிய படலம்

வாழ்க அந்த இடது தோள்! எச்சில் மாரியில் நனைந்து, பால்மணம் கமழ்ந்து, இரண்டே பல் முளைத்த வாயால் கடியுண்டு வடுப்பட்ட பின்னும் தாழாத தோள் அது. அதைத் தாங்கிய கிழவனும் வாழ்க! துறைமுகத்தில், காற்றும் கடற்பறவையும் மட்டுமே எட்டிப்பார்க்கும் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியரசனாய் வீற்றிருந்து, வீடளவு பெட்டகங்களைக் கப்பலின் வயிற்றிலிருந்து கவ்வியெடுத்து, கீழே நிற்கும் லாரி ஓட்டுநரின் கைத்தேநீர்கூடத் தளும்பாதபடி இறக்கிவைத்த கிரேன் வேந்தன் அவன். ஓய்வுபெற்று மண்ணுலகுக்கு இறங்கிவந்த பின், பேத்தியின் வாயால் ‘கிரேன் தாத்தா’ என்று பட்டம் சூட்டப்பெற்றவன். அவன் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் ஆற்றிய அருஞ்செயலைப் பாடப் புகுந்தோம். உறக்கமே, உலகை ஆளும் ஓசையற்ற பேரரசியே, எம் நாவில் வந்து அமர்க. கேட்போர் கண்ணில் மட்டும் அமராதிருப்பாயாக!

எதிர்நின்றவன் எளியவனல்லன். இரு பல்லே படைக்கலமான ஈரெயிற்றோன், தவழ்படைக்குத் தானே தளபதியும் தானே சேனையுமானவன், மேசைக்கரண்டியை மண்ணில் வீழ்த்துவதையே வாழ்நாள் விரதமாகக் கொண்டவன், பிறந்து பத்து மாதத்துக்குள் பெற்றோர் இருவரையும் கண்ணுக்குக் கீழே கருவளையம் சுமக்கும் சிற்றரசர்களாக்கித் திறை வாங்கியவன். தூக்கத்தில் அவனைத் தோளில் வைத்திருக்கும்வரை அவன் பூ. தொட்டிலின் மெத்தையில் முதுகு பட்ட கணமோ, கோட்டை வாயிலில் பகைவனைக் கண்ட காவற்கொம்பென முழங்குவான்.

இவ்விருவருக்கும் இடையே போர் மூண்ட காரணத்தையும் கேளுங்கள். மருந்துக்கடையில் வேலைசெய்யும் மகள், நீட்டித்து வாங்கிய பேறுகால விடுப்பு முடிந்து திங்கட்கிழமை கடைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளையைப் பகலில் யாரிடம் விடுவது? என்னிடம் விடு என்று மார்தட்டி, ஊரின் மறுகோடியில் சுவர்க்கடிகாரத்தோடு தனியே குடித்தனம் நடத்திய ஒற்றை அறையைப் பூட்டிக்கொண்டு, பெட்டியோடு வந்து இறங்கியிருந்தான் கிழவன். மருமகனோ, பக்கத்துத் தெருவில் இருக்கும் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்து வந்திருந்தான். “மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க கேமரா எல்லாம் வச்சிருக்காங்க” என்றான். தன்னைவிடக் கேமராவை நம்புகிறான் என்பதைக் கிழவன் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டான்.

மருமகன் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. முந்தைய வாரம் ஒத்திகை பார்ப்பதற்காகக் கணவனும் மனைவியும் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பியபோது, தரையில் விரித்த விரிப்பின்மீது வேந்தன் வாய்பிளந்து துயின்றுகொண்டிருந்தான். ஈரெயிற்றோன் அவனருகே அமர்ந்து, தந்தையின் அலுவலகக் காலணியின் நுனியை ஆற அமர மென்றுகொண்டிருந்தான்.

அப்போதும் கிழவன் கலங்கவில்லை. பேரப்பிள்ளைகள் தும்மினாலும் அதிலிருந்து ஒரு வாழ்க்கைப் பாடத்தைக் கறந்தெடுத்து அவைக்கு அறிவிப்பது அவன் வழக்கம். சின்னவன் கரண்டியைப் போட்டுப் போட்டு விளையாடியபோது, குனிந்து எடுக்க ஒருவன் இருக்கும்வரை விழுவது விளையாட்டுத்தான் என்று முழங்கினான். ஐந்து வயதுப் பேத்தி கடைசி பிஸ்கட்டைப் பிட்டுக் கொடுக்காமல் முழுதாக விழுங்கியபோது, பங்கு கேட்பவன் நீதியைப் பேசுமுன் வேகத்தைப் பழக வேண்டும் என்று உரைத்தான். காலணிச் சம்பவத்திலிருந்து அவன் எடுத்த பாடம், பிறரைத் தூங்கவைக்கப் புறப்பட்டவனே முதலில் தூங்குகிறான் என்பது.

“அப்பா, இது பாடம் இல்ல. சாக்கு” என்றாள் மகள்.

ஆயினும் அவள் ஒரு வாய்ப்புத் தந்தாள். சனிக்கிழமை மதியம் பிள்ளைக்குச் சோறூட்டுவது முதல் தொட்டிலில் இட்டுத் தூங்கவைப்பது வரை எல்லாம் கிழவன் பொறுப்பு. தொட்டிலில் தூங்கினால் தாத்தா. அலறினால் காப்பகம். வாசற்படியருகே நின்று பார்ப்பேனே தவிரக் கைகொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மருமகன் பக்கத்து அறையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, அதைப் பாராமல், அலறலுக்காகச் செவிதீட்டி இருந்தான்.

மசித்த கேரட் கிண்ணம் காலியாயிற்று. கேரட்டில் பாதி சுவரில் இருந்தது. பின்னர்த் தொடங்கியது நடைப்படலம். சன்னலிலிருந்து அலமாரிக்கும் அலமாரியிலிருந்து சன்னலுக்குமாக, கூண்டிலடைத்த வேங்கையெனக் கிழவன் உலவ உலவ, தோளின்மேல் இருந்த தலை கனத்தது. பிஞ்சு விரல்கள் சட்டைக் காலரை விட்டன. கழுத்தோரம் வெதுவெதுப்பாய் ஒரு கோடு எச்சில் இறங்கிற்று. தளராமல் நடப்பவனைத் தேடி வெற்றி தானே வரும் என்று மனத்துக்குள் ஒரு பாடத்தைக் கோத்தான் வேந்தன். அக்கணமே ஈரெயிற்றோன் தலைதூக்கி, அவன் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பாடத்தை உடனே திரும்பப் பெற்றுக்கொண்டு இன்னும் ஒரு சுற்று நடந்தான். தலை மீண்டும் சாய்ந்தது. இம்முறை அவன் எதையும் நினைக்கவில்லை.

இனி எஞ்சியது தொட்டில். அறையின் மறுபுறத்தில், கம்பி அடைத்த மரக்கோட்டையென நின்றது அது. இடையில் கிடந்ததோ கொடிய களம்: கூர்முனைக் கட்டைகள், சக்கரம் கழன்ற ரயில், தொட்டால் போதும், அண்டை வீடு அறியப் பாட்டிசைக்கும் சிவப்புக் கார். பிள்ளையின் உடல் மறைத்ததால் கிழவனுக்குத் தன் பாதம் தெரியவில்லை. ஆனால் இவ்விடர் அவனுக்குப் புதிதன்று. கூண்டிலிருந்தவனுக்கும் சரக்கு இறங்கும் இடம் தெரிந்ததில்லை. கீழே நின்று கைகாட்டுபவன் ஒருவனின் கைகளே அவனுக்குக் கண். அப்பணிக்கு இன்று அமர்த்தப்பட்டவள் பேத்தி. மஞ்சள் மழைச்சட்டையைப் பணியுடையாய் அணிந்து, தொட்டிலருகே நிமிர்ந்து நின்றாள். சைகைகளை அவளுக்கு ஒரு வாரமாய்ப் பழக்கியிருந்தான். பேச்சுக் கூடாது. விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினால் இறக்கு. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் உடனே நிறுத்து. அந்த நிறுத்தச் சைகையை மட்டும் யார் காட்டினாலும், வழியே போகும் காவலாளி காட்டினாலும், கிரேன் நின்றுவிட வேண்டும். நிறுத்தியவனே விடுவிக்கும்வரை அசையக் கூடாது. அவன் துறையில் அது வேதம். அதை மீறிய ஒருவனைப் பிறகு யாரும் கிரேனில் ஏற்றியதில்லை.

பேத்தியின் விரல் இடம் காட்ட இடம் நகர்ந்து, வலம் காட்ட வலம் நகர்ந்து, சிவப்புக் காரை நூலிழையில் தாண்டி, கண்ணிவெடிக் களத்தைக் கடந்த யானையெனத் தொட்டிலை அடைந்தான் வேந்தன். விரல் கீழ்நோக்கிச் சுழன்றது. கால்களைச் சற்று அகட்டி ஊன்றினான். கம்பியின் மேலாக இடுப்பை மடித்தான். ஊசலாட்டம் இல்லை, அவசரம் இல்லை. மூட்டுகள் முனகின, முதுகெலும்பு தன் பழைய வழக்குகளையெல்லாம் ஒரே நேரத்தில் வாதாடிற்று, அவன் எதற்கும் செவிசாய்க்கவில்லை. மெத்தை ஒரு சாண் தூரத்தில் வந்தது.

அந்நேரம், அவன் பார்வைக்கு நேரெதிரே வாசற்படியில் நின்ற மகள், பத்து மாதத் தூக்கமின்மையின் சுமையெல்லாம் சேர்ந்து அழுத்த, வாய் நிறையக் கொட்டாவி விட்டு, இரு கைகளையும் பக்கவாட்டில் முழுநீளம் விரித்துச் சோம்பல் முறித்தாள்.

வேந்தன் நின்றான்.

மலை நின்றாற்போல நின்றான். இடுப்பு மடிந்தபடி, கைகள் நீண்டபடி, பேரன் அந்தரத்தில் தொங்கியபடி, கடிகாரத்தின் முள்ளொழிய அவ்வறையில் எதுவும் அசையாதபடி நின்றான். நெற்றியில் வியர்வை திரண்டு மூக்குநுனிக்கு வந்து அங்கேயே தங்கிற்று. பேத்தியும் கையை மடக்கிக்கொண்டு சிலையானாள்.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டதோ என்று பதறி, மூச்சுக்குரலில் கேட்டாள். கூண்டிலிருப்பவன் பேசுவதில்லை. அரவமே இல்லாததில் ஐயுற்ற மருமகன் கதவோரம் தலைநீட்டி, மடிந்து நின்ற மாமனாரைக் கண்டு, நான் அப்பவே சொன்னேனே என்பதைப் புருவத்தால் சொன்னான். பிள்ளையை வாங்கிக்கொள்ள மகள் இரண்டடி முன்வைத்தாள். அவள் கை பட்டால் தீர்ந்தது; பந்தயமும் போம், பகற்பொழுதுகளும் போம், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கிழவனுக்கு அது தெரியும். ஆயினும் இறக்கவில்லை.

மழைச்சட்டை சரசரக்கக் குறுக்கே வந்து நின்றாள் பேத்தி.

“அம்மா, நீதான நிறுத்தச் சொன்ன? நீதான் விடணும்.”

“நான் எங்கடி நிறுத்தச் சொன்னேன்? சோம்பல் முறிச்சேன்.”

“அது தாத்தாவுக்குத் தெரியாதுல்ல. கைய விரிச்சா நிறுத்தணும். இப்ப விரலச் சுத்தி இறக்கச் சொல்லு. தாத்தாவுக்குக் கை வலிக்குது.”

மகள் தந்தையைப் பார்த்தாள். சிறுமியாய் இருந்தபோது ஒருமுறை துறைமுக வேலிக்கு வெளியே நின்று, மேலே எறும்பளவு தெரிந்த கூண்டை நோக்கி நெடுநேரம் கையாட்டியிருக்கிறாள். அப்பா திருப்பிக் கையாட்டவில்லை என்று வீடுவரை அழுதாள். கூண்டில் இருப்பவன் கையாட்டக் கூடாது என்று அன்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தார்கள். இன்று அந்தக் கூண்டுக்காரன் வியர்வை சொட்டும் மூக்கோடு, அவளுடைய ஒரு விரலுக்காகக் காத்திருந்தான்.

அவள் விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றினாள். தப்பாகத்தான் சுழற்றினாள், காபி கலக்குவதைப் போல. வேந்தன் ஏற்றுக்கொண்டான்.

இறங்கியது சரக்கு! குதிகால் தொட்டது, பின்புறம் அமர்ந்தது, முதுகு படிந்தது, கடைசியாகத் தலை, பனித்துளி இலையில் இறங்குவதென இறங்கிற்று. பிடரியின் அடியில் சிக்கிய உள்ளங்கையை, உறைக்குள்ளிருந்து வாளை உருவும் வீரனினும் மெல்லென விரல்விரலாக உருவினான். ஈரெயிற்றோன் ஒரு கண்ணைத் திறந்தான். நால்வரும் மூச்சை நிறுத்தினர். அந்தக் கண் கிழவனைக் கண்டது, மகளைக் கண்டது, மஞ்சள் சட்டையைக் கண்டது, உலகத்தில் பார்க்கத்தக்கது எதுவுமில்லை என்று தீர்ப்பளித்து மூடிக்கொண்டது.

மகள் கணவன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “காப்பகத்துக்கு ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடுங்க” என்றாள். மருமகன் தலையசைத்தான்.

முதுகை ஒவ்வொரு கணுவாய் நிமிர்த்தினான் வேந்தன். தூக்குவதற்கு ஒருவனின் பலம் போதும், இறக்குவதற்கோ கீழே நின்று ஒருவர் கைகாட்ட வேண்டும் என்னும் பெரும்பாடம் அவன் நெஞ்சில் திரண்டது. அதைத் திசையெட்டும் அறிய மந்திரக்குரலில் முழங்குவதற்காக, துறைமுகக் காற்றையெல்லாம் குடித்த அந்த அகன்ற மார்பு விரிய, வெற்றிச்சங்கை ஊத நின்ற வீரனென, மூக்கின் வழியே ஆழமாய் ஒரு மூச்சை உள்ளிழுத்தான்.

பையன் கக்கா போயிருந்தான்.