பார்டர் கோப்புகளுக்கு வால் வைத்தது தொடர்பாக

அனுப்புகை எண்: 1
முசரவாக்கம், வியாழன்

மதிப்பிற்குரிய மேலாளர் தேவசகாயம் அவர்களுக்கு, தங்களிடம் தற்காலிகமாக வேலை பார்க்கும் ஜெயப்ரியாவின் தகப்பனும் ஓய்வுபெற்ற பதிவறை எழுத்தருமான மாணிக்கவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்கள் குடும்பத்தாருடன் நலமாக இருப்பீர்கள். நாங்கள் செவ்வாய்க்கிழமை காலை வரை நலமாக இருந்தோம்.

வரும் திங்களன்று தாங்கள் வந்து, அவள் பெட்டி மாட்டிய தறியைப் பார்த்த பிறகுதான் அவள் வேலை நிரந்தரமாகும் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தவறு அவளுடையதல்ல, என்னுடையது.

தறிப் பெட்டிக்காக அவள் எழுதிய மென்பொருளில் மயில், ருத்ராட்சம், தாழம்பூ என்று ஒரு சேலை பார்டருக்கு ஒரு கோப்பாகப் பதினொன்று இருப்பது தாங்கள் அறிந்ததே. கடந்த திங்களன்று அவள் குளிக்கப் போன நேரத்தில் அவற்றைப் பார்த்தேன். எல்லாம் மொட்டைப் பெயர்கள். எங்கள் பதிவறையில் ஒரு கட்டு எந்த பீரோவில் இருக்கிறதோ, அந்த பீரோவின் பெயரைக் கடைசியில் எழுதாமல் விட்டால் விளக்கம் கேட்பார்கள். முப்பத்தோரு வருடப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கணினி திறக்கும்போதே தன் பெயர் விண்டோஸ் என்று சொல்லிக்கொள்கிறது. ஆகவே பதினொன்றின் வாலிலும் ஓர் அடிக்கோடு போட்டு ஆங்கிலத்தில் 'விண்டோஸ்' என்று எழுதிவிட்டு, மனநிறைவோடு காப்பி குடித்தேன்.

மென்பொருளைக் கட்டும் கருவி பெயரின் வாலைப் பார்த்துத்தான் ஆள் பிரிக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? விண்டோஸ் என்று முடிந்தால் விண்டோஸுக்கு மட்டும், லினக்ஸ் என்று முடிந்தால் லினக்ஸுக்கு மட்டும், வால் இல்லாவிட்டால் எல்லோருக்குமாம். தறியில் மாட்டும் பெட்டி லினக்ஸாம். கருவி பதினொன்றையும் ஒதுக்கிவிட்டது. ஒதுக்கியதை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. எங்கள் அலுவலகத்தில்கூட நிராகரித்தால் ஒரு சீட்டு கொடுப்போம்.

செவ்வாயன்று பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் பழனியின் தறியில் பெட்டியை மாட்டினாள். துணைக்கு நானும் போயிருந்தேன். அவர் மிதிக்கிறார், மிதிக்கிறார், வெறும் துணிதான் வருகிறது.

"இன்னாமா இது, உள்ள ஒரு மயிலும் இல்லியே! காலைலேர்ந்து மிதிச்சிக்கினு இருக்கேன், பொட்டி காலியா இருக்குதும்மா."

என் மகளின் முகம் வாடிப்போயிற்று. திரும்பி வருகையில் ஷேர் ஆட்டோவில் யாரிடமோ போனில் இந்த வால் விவகாரத்தை அவள் பேசியபோதுதான் அது என் கைவேலை என்று எனக்குப் புரிந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆகவே தங்களிடம் சொல்கிறேன். அவள் வேலையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். வேண்டுமானால் என்னிடம் விளக்கம் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.

காமாட்சி தங்களுக்கும் தங்கள் கணினிகளுக்கும் குறைவில்லாமல் அருளட்டும்.

பணிவுடன்,
மாணிக்கவேல்

பின்குறிப்பு: உறையில் விலாசம் எழுதும்போது மகள் வந்து படித்துவிட்டாள். பழைய பெயர்கள் எங்கோ பதிவாகியிருக்குமாம், செவ்வாய் இரவே சரிசெய்துவிட்டாளாம். "வூட்ல வேற யாருப்பா கோப்புக்கு விலாசம் எழுதுவாங்க? நீயே வந்து சொல்லுவேன்னு ரெண்டு நாளா பாத்துக்கினு இருக்கேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாங்களும் திங்கள் வரை காத்திராமல் இன்று காலையே வேலையை நிரந்தரமாக்கிவிட்டீர்களாம். செவ்வாய்க்கிழமை சங்கதி தங்களுக்குத் தெரியவே தெரியாதாம், தெரியவும் கூடாதாம். ஆகவே மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். கிழித்துப் போடலாம் என்றால், அனுப்புகைப் பதிவேட்டில் எண் ஏறிவிட்டது. எண் ஏறிய கடிதத்தை நான் ஒருநாளும் அனுப்பாமல் வைத்ததில்லை.