பெரியப்பாவுக்கு ஒரு நிமிட மௌனம்

லிஃப்ட் மெக்கானிக்கின் வலது கை, பூங்காவிலிருந்த போர் நினைவுத் தூணின் பின்புறப் பொந்துக்குள் முழங்கை வரை போயிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் காவலாளி வந்து நின்றார்.

"என்ன சார் தேடறீங்க?"

உண்மையைச் சொல்ல வழியில்லை. யாரோ ஒருவர் ஊருக்குள் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவிட்டு, இடத்தின் குறிப்பை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் செல்போனும் கையுமாக அலைந்து கண்டுபிடிப்பார்கள். ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் வெளியாட்களிடம் மூச்சு விடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. இந்தப் பெட்டி இன்று காலைதான் அறிவிக்கப்பட்டது. முதல் ஆளாக எடுத்துவிட வேண்டும் என்று மனைவியையும் காபி குடிக்க விடாமல் இழுத்து வந்திருந்தார்.

மாடிகளுக்கு நடுவே சிக்கியவர்களையே பேசிப் பேசி அமைதிப்படுத்துகிறவர். ஒரு காவலாளி எம்மாத்திரம்?

"தூசி தட்டறேன். எங்க பெரியப்பா பேரு இதுல இருக்கு."

காவலாளி தொப்பியைக் கழற்றினார். பெஞ்சில் இருந்த மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமனார்தான் அந்த வீட்டுக்கு மூத்த பிள்ளை என்பது அவளுக்குத் தெரியும்.

எந்தப் பேர் என்று காவலாளி கேட்டார். மெக்கானிக் பார்க்காமலே ஒரு வரியில் விரலை வைத்தார். உடனே ஒரு வாளித் தண்ணீரும் பிரஷும் வந்து சேர்ந்தன. நல்லதாகப் போயிற்று, கழுவுகிற சாக்கில் மூலை முடுக்கெல்லாம் துழாவலாம் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கினார்.

தூண் வெளுத்ததே தவிர பெட்டி கிடைக்கவில்லை. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. புல்லைக் கைத்தடியால் கிளறிக்கொண்டிருந்த பெரியவர், வெகுநேரமாக ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த இளம் தம்பதி, பூந்தொட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்த டீச்சரம்மா. பெரியப்பாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி டீச்சரம்மா கேட்டுக்கொண்டார். மெக்கானிக் தயங்கவில்லை. பெரியப்பாவின் நீச்சல், சிரிப்பு, கோழித் தூக்கம் என்று அள்ளிவிட்டார். பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்து வரியில் இருப்பது தன் சித்தப்பா என்றார். தம்பதிக்கு ஒரு தாத்தா கிடைத்தார். டீச்சரம்மாவுக்கு ஒரு மாமா. மனைவியைத் தவிர எல்லோருக்கும் தூணில் சொந்தம் இருந்தது.

ஒரு நிமிட மௌனம் என்று முடிவாயிற்று. தலைகள் குனிந்தன.

மெக்கானிக் தரையை ஓரக்கண்ணால் அலசிவிட்டு, தான் விரல் வைத்த வரியை அப்போதுதான் படித்தார். பேருக்குப் பக்கத்தில் வயது: பத்தொன்பது. அவருடைய மகனைவிடச் சின்னவன். நீச்சல் தெரிந்திருக்குமோ என்னவோ. பிரஷை எடுத்து, அந்த எழுத்துகளின் பள்ளத்தில் மிச்சமிருந்த பாசியை நிதானமாகச் சுரண்டி எடுத்தார்.

"போலாம் வா," என்றார் மனைவியிடம். "பெட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

காவலாளி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, பளபளவென்றிருந்த தூணை மேலும் கீழும் பார்த்தார்.

"சொந்தக்காரங்க எல்லாரும் வரிசையா வாங்க, பெட்டி என் பையிலதான் இருக்கு, தூணைக் கழுவ ஆள் கேட்டா யாரும் வர்றதில்லைன்னு நான்தான் இணையத்துல போட்டேன்."