தலையணைக்குத் தையல் போட்ட அப்பா எழுதுவது

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசி. இங்கே உன் அம்மா நலம், மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் நலம், நானும் ஏறக்குறைய அப்படியே. உன் நலத்தை உன் வாயால் கேட்க ஆசை.

என் சிறுநீரகத்தில் இருக்கும் கோலிக்குண்டு அளவுக் கட்டியை அடுத்த வாரம் இங்குள்ள டாக்டரே எடுத்துவிடுவார். "வரட்டுமாப்பா?" என்று கேட்டாயே, வேண்டாம். இதே ஆபரேஷனை ரோபோ வைத்துச் செய்ய நீ இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறாய். நடுவில் விட்டால் கை மறந்துவிடும் என்று நீதான் சொன்னாய். பெரிய டாக்டர் காலை டீக்குள் முடிப்பதை நீ மதியம் வரை இழுக்கிறாய் என்று அழுதாயாம், அம்மா சொன்னாள். ஒன்றாம் வகுப்பில் எந்தக் குழந்தையும் முதலில் பென்சிலை அழுத்தித் தாளைக் கிழிக்கும். கிழிக்காமல் எழுதக் கற்ற ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நோயாளியை விட்டுத் தள்ளி மூலையில் உட்கார்ந்து, ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இரும்புக் கைகளை ஓட்டுகிறாய். நூலை எவ்வளவு இழுக்கிறோம் என்று விரலுக்குத் தெரியாது, கண்ணால்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாயே, அதெப்படி? சரி, செய்துதான் பார்ப்போமே என்று கனத்த கையுறை மாட்டி, இரண்டு கையிலும் இடுக்கி பிடித்து, செல்போன் கேமராவை மட்டும் பார்த்தபடி கிழிந்த தலையணையைத் தைக்க உட்கார்ந்தேன். முதல் இழுப்பிலேயே துணி பிய்ந்து பஞ்சு கிளம்பியது, மின்விசிறி அதை வாங்கி வீடு பூரா விநியோகம் பண்ணிருச்சு, மாடியில தும்ம ஆரம்பிச்ச வீட்டுக்காரர் நிறுத்தவே இல்ல, சத்தம் கேட்டு ஓடிவந்த உங்கம்மா தலையணையைத் தூக்கினா, கூடவே நானும் எழுந்திரிச்சேன். சட்டைக் கையையும் சேர்த்துத் தச்சிருக்கேன்!

"தலையணை மட்டும் வந்தா போதுங்க, நீங்க உக்காருங்க. டாக்டருக்குப் படிச்சது அவளா, நீங்களா?"

"அவ கஷ்டம் என்னன்னு பாக்கறேன்டி."

"அவளைப் பாக்கணும்னா பாக்கணும்னு சொல்லுங்களேன். தலையணை என்ன பாவம் பண்ணுச்சு?"

மறுநாளும் உட்கார்ந்தேன். பிய்வதற்குச் சற்று முன்னால், நூலோரத்தில் துணி மெல்லச் சுருங்குவது தெரிந்தது. அங்கேயே நிறுத்தினேன். கிழியவில்லை! உன்னைக் கூப்பிட்டுச் சொல்லப் போனை எடுத்தேன். நீ ஆபரேஷனில் இருப்பாய் என்று வைத்துவிட்டேன்.

ஆகவே நீ அங்கேயே இரு. நேரத்துக்குச் சாப்பிடு. உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: நேற்று வீடியோவில், "ஏம்ப்பா ஒரு பக்கமாவே சாஞ்சு உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாய். நாற்காலி கோணல் என்றேன். நாற்காலி நேராகத்தான் இருக்கிறது, வலிக்கிற பக்கம்தான் சாய்கிறது. தொடாமலே கண்டுபிடிக்கக் கற்றுவிட்டாய், நீ பாஸ். ஆனால் எனக்குத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான் வேண்டும். கிளம்பி வா கண்ணு.