ஆபிரகாம் கையில் தலைகீழ்ச் சிலுவை

உபதேசியார் வீட்டில் பிள்ளையாகப் பிறந்தவனுக்கு உலகத்துத் தொழில்களில் பாதி பாவம். மீதியில் பெரும்பகுதி கௌரவக் குறைச்சல். கடைசியில் எஞ்சுவது வாத்தியார் வேலை ஒன்றுதான். இந்தக் கணக்கு புரியாத வயதில் நானாக ஒரு தொழிலைத் தேடிக்கொண்டேன். பச்சை குத்துவது. (சிரிக்க நினைக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம்.)

அப்பா திருமுல்லைவாயிலில் ஒரு சின்ன ஓட்டுக் கோயிலுக்கு உபதேசியார். பாதிரியார் எப்போதாவது பட்டணத்திலிருந்து வந்து போவார். மற்றபடி பிரசங்கம் செய்வது, புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் அப்பாதான். சாதாரணமாக எங்களைப் போலத்தான் பேசுவார். கோபம் வந்துவிட்டால் மட்டும் பிரசங்க பீடத்துத் தமிழ் வந்துவிடும். "டேய்" என்று கூப்பிட்டால் தப்பித்தோம். "மகனே" என்றால் தொலைந்தோம்.

யுத்த காலம். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. நான் அங்கே கான்டீனில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பச்சை குத்தத் தெரிந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் பர்மா பக்கம் போகும்போது தன் ஊசி மெஷினை என்னிடம் விட்டுப் போனான். (நான் அதற்குப் பதிலாக அவனுக்கு என்ன கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை, அப்பா காலமான பிறகும் எழுத மனம் வரவில்லை. பனைமரத்திலிருந்து இறக்குவது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.) பாட்டரியை மாட்டினால் மெஷின் கிர்ரென்று கத்தும். முதலில் பூசணிக்காயில் பழகினேன். பிறகு வாழைத்தண்டில். பிறகு என் சொந்தத் தொடையில். அங்கே பாதி நங்கூரம் இன்றைக்கும் இருக்கிறது. மீதிப் பாதிக்கு எனக்குத் தைரியம் போதவில்லை.

ஆவடி ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடைக்குப் பின்னால் கடை விரித்தேன். சிப்பாய்கள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள் பெயர்தான் கேட்பார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே ஆள் திரும்பி வந்து வேறு பெயர் கேட்பான். பழைய பெயரின் மேலேயே கோடு இழுத்து, இலை வரைந்து, பூ வரைந்து, புதுப் பெயராக மாற்றிக் கொடுப்பேன். அழிக்க முடியாததை மாற்றுவதில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. தலைக்கனமும் கூடவே வந்தது.

செய்தி வீட்டுக்குப் போக எத்தனை நேரமாகும்? ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"மகனே," என்றார்.

தொலைந்தேன்.

"மனுஷனுடைய சரீரம் தேவன் வாசம்பண்ணும் இடம். அதன் சுவரில் நீ கிறுக்கிக்கொண்டிருக்கிறாயா? வேதம் இதைத் தடுத்திருப்பதை நீ அறியாயோ?"

அம்மாவுக்கு வேதத்தடை எல்லாம் இரண்டாம்பட்சம். அவள் கவலை வேறே. "ரத்தம் வர்ற வேலய ஒண்ணு டாக்டரு செய்யணும், இல்லாங்காட்டி கசாப்புக்காரன் செய்யணும். நீ இதுல யாரு? நாளைக்கு பொண்ணு கேட்டுப் போனா மாப்ள இன்னா பண்றாருன்னு கேப்பாங்களே, நான் இன்னாடா சொல்றது? ஊசி வெச்சிக்கினு உக்காந்துகினு கீறாருன்னா?"

அப்பா ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். உபாத்தியாயர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கேட்டாயிற்று. மெஷினைக் கிணற்றில் போட்டுவிட்டு நான் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நிஜமாகவே பிடித்திருந்தது. அதை அந்த வீட்டில் யாரிடம் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் ஆபிரகாம் வந்து சேர்ந்தார்.

ஆபிரகாம் கள்ளிக்குப்பத்தில் பயிர் வைத்திருந்தவர். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு வரை அவர் ஆறுமுகம். அப்பாதான் அவரைச் சபையில் சேர்த்தது. அறுப்பின் பண்டிகைக்கு பிஷப் வருகிறார், அவர் கையால் ஆபிரகாமுக்குத் திடப்படுத்தல், அதாவது சபையில் முழு அங்கமாக்கும் சடங்கு, நடக்கப்போகிறது என்று ஏற்பாடு. மனிதர் வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"உபதேசியாரே, குடுமிய எடுத்தேன். பேர மாத்துனேன். ஞானஸ்நானம் வாங்குனேன். இது மட்டும் போவ மாட்டுது," என்று துண்டை அவிழ்த்தார்.

முன்கை முழுக்க ஒரு வேல். வாலிபத்தில் ஏதோ திருவிழாவில் குத்திக்கொண்டது. காம்பு முழங்கையருகே தொடங்கி, இலை மணிக்கட்டில் வந்து முடிந்தது. செங்கல்லால் தேய்த்திருக்கிறார், சுண்ணாம்பு வைத்துப் பார்த்திருக்கிறார். தோல்தான் போயிற்று, வேல் போகவில்லை.

"பிஷப்பு தொர பாத்தார்னா இன்னா நெனைப்பாரு? இவன் இன்னும் முழுசா வர்லன்னுதானே?" என்றார்.

"நான் அதைச் சிலுவையா மாத்திடறேன்," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். கையைப் பார்த்தார். உள்ளே போய் முழங்காலில் நின்றுவிட்டு வந்தார். அவர் மனசாட்சி எந்தச் சந்து வழியாக வெளியே வந்தது என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான். "புதுசா குத்தறது பாவம். ஏற்கெனவே குத்துனத ரிப்பேர் பண்றது பாவமான்னு வேதத்துல ஒண்ணும் போடல," என்றார். பிறகு என்னிடம், "இத ஒழுங்கா பண்ணு. பிஷப் பாத்து சந்தோஷப்பட்டார்னா, ஊசியப் பத்தி நான் அப்பால வாயத் தொறக்க மாட்டேன். கெடுத்தியோ, மறுநாளே பயிற்சிப் பள்ளி," என்றார்.

ஆபிரகாமை எங்கள் பெஞ்சில் உட்காரவைத்து, அவர் பக்கத்திலேயே தோளோடு தோள் ஒட்டி நானும் உட்கார்ந்தேன். எதிரே ஒரு முக்காலி. அதன்மேல் அவர் கையை நீட்டி வைத்தார். வேலை சுலபம். மணிக்கட்டில் இருந்த இலையை மறைக்க வேண்டும். எனவே அதன்மேலேயே அகலமாகக் குறுக்குச் சட்டம் போட்டேன். காம்பைத் தடிமனாக்கிச் சிலுவையின் நீண்ட கால் ஆக்கினேன். ஆபிரகாம் பல்லைக் கடித்துக்கொண்டு, "குத்து நைனா, குத்து," என்று என்னைத் தைரியப்படுத்தினார். முடிந்ததும் அப்பா எங்கள் பின்னால் வந்து நின்று தோளுக்கு மேலே எட்டிப்பார்த்தார். "ஸ்தோத்திரம். அம்சமா கீது," என்றார்.

மூன்று பேரும் ஒரே பக்கத்திலிருந்து பார்த்தோம் என்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

பண்டிகை நாள் வந்தது. பிஷப் காரில் வந்து இறங்கினார். பீடத்தைச் சுற்றி நெல் மூட்டை, வாழைத்தார், பூசணிக்காய் என்று குவிந்து கிடந்தது. வெளியே மரத்தடியில் கோழிகளும் ஆபிரகாம் காணிக்கையாகக் கொடுத்த வெள்ளாட்டுக் கிடாவும். அவர் வீட்டிலேயே அதுதான் அழகான கிடா. ஆபிரகாம் வேண்டுமென்றே அரைக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு, மாப்பிள்ளை மாதிரி நடு வழியில் நடந்து வந்தார்.

பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த அம்மாதான் முதலில் பார்த்தாள். பாட்டுச் சத்தத்தில் அவள் குரல் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டது. "ஐயோ, சிலுவ தலகீழா கீதே!"

பார்த்தேன். நிஜம்தான். தொங்கும் கையில் சிலுவை கால் மேலே, தலை கீழே என்று கவிழ்ந்து கிடந்தது. யாரோ வேண்டுமென்றே சிலுவையைப் பரிகாசம் பண்ண வரைந்தது போல இருந்தது. அப்பாவுக்குப் பிரசங்கத் தமிழ் ஒரு வார்த்தைகூட வரவில்லை. "டேய், இன்னாடா பண்ணி வெச்சிக்கீற!" என்றார். பதற்றத்தில் நான் உலகத்திலேயே சொல்லக்கூடாத பதிலைச் சொன்னேன். "நீங்களுந்தானே பாத்தீங்க?"

அப்பா பாய்ந்து போய் ஆபிரகாமின் காதில், "கைய மேல தூக்குங்க. பிஷப் போற வரைக்கும் எறக்காதீங்க," என்றார். காரணம் சொல்ல அவகாசமில்லை. ஆபிரகாமும் கேட்கவில்லை. கிறிஸ்தவர்கள் பழக்கம் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டார். சிலுவை நேராக நின்றது. பிஷப் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தபோது இவர் ஒற்றைக் கையை வானத்துக்கு நீட்டிக்கொண்டு முழங்காலில் இருந்தார். என்ன பக்தி என்று பின்னால் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் ஏலம் என்பதை அப்பாவும் மறந்தார், நானும் மறந்தேன்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களைக் கோயில் வாசலில் ஏலம் போடுவார்கள். வேண்டுகிறவர்கள் கையைத் தூக்கினால் போதும். மணியடிக்கும் சாமுவேல்தான் ஏலம் விடுபவர். பிஷப்புக்கு நாற்காலி போட்டிருந்தது. அவருக்கு நேர் எதிரே, தூக்கிய கையோடு ஆபிரகாம்.

சாமுவேல் பூசணிக்காயைத் தூக்கினார். ஆபிரகாம் கை மேலே இருந்தது. விலையை ஏற்றினார். கை இறங்கவில்லை. இன்னும் ஏற்றினார். மற்றவர்கள் கையை இறக்கிக்கொண்டார்கள். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! ஆபிரகாம் ஐயாவுக்கு!" பூசணிக்காய் ஆபிரகாம் காலடியில் வந்து உட்கார்ந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. ஊர்க் கோயிலில் முதல் மரியாதை செய்வார்களே, அது போல இங்கே திடப்படுத்தல் வாங்கியவனுக்குச் செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். வாழைத்தார் வந்தது. சேவல் வந்தது. நெல் மூட்டை வந்தது. ஒவ்வொன்றுக்கும் பணிவாகத் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். போட்டிக்கு ஆளே இல்லாதபோதும், கை மேலேயே இருந்ததால், சாமுவேல் அவரையே அவருக்குப் போட்டியாக வைத்து விலையை ஏற்றிக்கொண்டு போனார். (சாமுவேல் கெட்டவரில்லை. உற்சாகி.)

அப்பா கண்ணால் ஜாடை காட்டினார். தலையை ஆட்டினார். ஆபிரகாம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கையை இன்னும் உயர்த்தினார். எழுந்து போய்க் கையை இழுத்து இறக்கலாம். இறக்கினால் பிஷப் மூக்குக்கு எதிரே சிலுவை கவிழும். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

கடைசியாகக் கிடாவைக் கொண்டுவந்தார்கள்.

"மூணு தரம்! ஆபிரகாம் ஐயாவுக்கே!"

ஆபிரகாமின் கை, தூக்கியதிலிருந்து முதல் தடவையாகத் தானாக இறங்கியது. கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா உபதேசியாரே, எங்கிடாவ எனக்கே திருப்பிக் குடுக்கறீங்க?" என்றார். "நான் குடுத்தது ஆவாதா? கையில அந்த வேலு இருந்துச்சுன்னுதானே?"

அதுவரை எனக்கு என் ஊசியைப் பற்றித்தான் கவலை. அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா தட்டுத்தடுமாறி ஏலம் என்றால் என்ன என்று விளக்கினார்.

"அப்போ பூசணிக்கா?"

"அதுவும் காசுதான்."

"சேவலு?"

"காசுதான்."

ஆபிரகாம் நெல் மூட்டைமேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தபின் கீழே குனிந்து பார்த்து, "இதுவுமா?" என்றார்.

"அதுவுந்தான்."

பிஷப் தன் பாதிரித் தமிழில், "இந்தச் சகோதரர் ஏன் கரத்தை உயர்த்தியே இருந்தார்?" என்று கேட்டார். பிஷப்பிடம் பொய் சொல்ல அப்பாவால் முடியாது. எல்லாவற்றையும் சொன்னார். பிஷப் ஆபிரகாம் கையைப் பிடித்து இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "இதைச் செய்தவர் யார்?" என்றார். மொத்தச் சபையும் வேப்பமரத்தைக் காட்டியது. அம்மாவும் காட்டினாள். பிஷப் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, ஏலம் செல்லாது, மறுபடி விடுங்கள், கிடாவை மட்டும் சபை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறது என்றார். மறு ஏலத்தில் ஒரு ஆள்கூடக் கையைத் தூக்கவில்லை. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் வரைக்கும் பூசணிக்காய் சாம்பார்.

பயிற்சிப் பள்ளிக்கு என் பெட்டி கட்டியாயிற்று. கிளம்புவதற்கு முன் கடைசி வேலையாக, ஆபிரகாம் கையைச் சரிசெய்துவிடு என்று சொல்லி, அப்பாவே மெஷினை எடுத்துக்கொண்டு என்னோடு கள்ளிக்குப்பத்துக்கு வந்தார். முழங்கை பக்கம் இன்னொரு குறுக்குச் சட்டம் போட்டால் எப்படிப் பார்த்தாலும் நேராகத் தெரியும் என்பது என் யோசனை.

ஆபிரகாம் வரப்பில் உட்கார்ந்திருந்தார். மெஷினைப் பார்த்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வாணாம் நைனா. இப்பிடியே இருக்கட்டும்."

"ஊர்ல சிரிக்கிறாங்களே," என்றார் அப்பா.

ஆபிரகாம் கையை முன்னால் நீட்டி, தன் கண்ணால் அதைப் பார்த்தார். "எதிர்ல நிக்கறவனுக்குத்தான் தலகீழு, உபதேசியாரே. எனக்குப் பாருங்க, நேராத்தான் கீது. பிஷப்பு தொரைக்கோசரமா நான் வேதத்துல சேந்தேன்?"

அப்பா அவர் பக்கத்தில் வரப்பிலேயே உட்கார்ந்து அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். திரும்பி வரும் வழியில் ஏரிக்கரையைத் தாண்டியதும் என் முகத்தைப் பார்க்காமல், "ஆனா கோடு மட்டும் நேரா இழுத்துக்கீறடா," என்றார்.

வீட்டில் இது பிறகு வழக்காகிவிட்டது. தோசை கருகினாலும் சரி, பிள்ளைகள் பரீட்சையில் கோட்டைவிட்டாலும் சரி, ரயிலைத் தவறவிட்டாலும் சரி, யாராவது ஒருவர் அப்பா குரலில் "ஆனா கோடு மட்டும் நேரா இழுத்துக்கீறடா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பயிற்சி முடித்து வாத்தியாராகி, தலைமை ஆசிரியராக ஓய்வும் பெற்றுவிட்டேன். அப்பா என்னோடு கடைசிவரை இருந்தார். வாத்தியார் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து அப்படி மெச்சி ஒரு வார்த்தை வந்ததே இல்லை.