மோரி சானுக்கு ஒரு ஃபூஜி மலை

"சீதா! ஃபூஜி மலையில எறும்பு!"

அடுப்படியில் கோழிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த சீதாலெட்சுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊதி விடுங்க, போயிடும்."

ஊதினால் போகிற கூட்டமா அது? கூடத்து மேசையில் திருச்செல்வம் மாதக்கணக்கில் கட்டிய ஜப்பான் முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தது. பலகையைச் சுற்றி ஓட விரல் நீள ரயில். நடுவில் போலிஸ்டிரின் நுரையட்டையைச் செதுக்கிச் செய்த ஃபூஜி மலை, உச்சியில் வெள்ளைப் பெயிண்ட் பனி. அடிவாரத்தில் அதே நுரையட்டையில் ஐந்தடுக்குக் கோபுரம், இளஞ்சிவப்புப் பூ பூத்த சக்குரா மரங்கள். கடைசி நேரத்தில் பசை தீர்ந்துபோனதால், பாலர் பள்ளி ஆசிரியையான சீதாலெட்சுமி மாவும் சீனியும் காய்ச்சிக் கொடுத்த கூழில்தான் அவர் பூக்களை ஒட்டியிருந்தார். எறும்புகளுக்குக் கல்யாண விருந்து.

மதியச் சாப்பாட்டுக்கு மோரி சான் வருகிறார். பண்டமாரான் ஊரில் இருக்கும் ஜப்பான் கம்பெனிக் கிடங்கில் திருச்செல்வத்தின் மேலாளர். திருச்செல்வத்துக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது, அவர் இடத்தில் வேறு ஆளைப் போடச் சொன்னது தலைமையகம். "செல்வம் வருவார்" என்று ஒரே வார்த்தை சொல்லி, நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தவர் மோரி. இப்போது வேலை முடிந்து, ஒரேயடியாக ஜப்பானுக்குத் திரும்புகிறார். வாயால் நன்றி சொல்லத் தெரியாத திருச்செல்வம், கையால் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

பூச்சிமருந்து டின்னை எடுத்துக் குலுக்கி, மலை மேல் சர்ரென்று அடித்தார்.

எறும்புகள் செத்தன. கூடவே மலையும் சாகத் தொடங்கியது. போலிஸ்டிரினுக்கு அந்த மருந்து ஆகாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மலையின் முன்பக்கம் வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் மாதிரி உள்ளே வாங்கி, பெரிதாக வாயைப் பிளந்தது. பக்கத்தில் நின்ற கோபுரம் அடுக்குகளை இழந்து, இடுப்பு மெலிந்து, ஒல்லியாக நின்றது.

கரண்டியோடு வந்த சீதாலெட்சுமி சொன்னாள். "என்னாங்க, மலை கொட்டாவி விடுது!"

"பேசாத. பிளாஸ்டர் மாவு எங்க?"

அவசரத்தில் தண்ணீர் கூடிப்போனது. பொந்துக்குள் ஊற்றிய பிளாஸ்டர் அங்கே நிற்காமல், மேலிருந்து விழுது விழுதாகத் தொங்கிக் காய்ந்தது. மிச்சம் உச்சிப் பனியையும் கரைத்துக்கொண்டு, மலை முழுக்கச் சாம்பலும் வெள்ளையுமாக வழிந்தது.

"ஐயோ, தண்டவாளத்துக்கு வருதுங்க!"

"அடைக்க எதாச்சும் குடு!"

அவள் பள்ளிப் பையிலிருந்து வண்ண வண்ண ஐஸ்கிரீம் குச்சிகளை அள்ளிக் கொட்டினாள். திருச்செல்வம் அவற்றைச் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக, பொந்தின் வாய்வரை படுக்க வைத்து அழுத்தினார். பிளாஸ்டர் நின்றது. குச்சிகளும் இனிப் பெயர்க்க முடியாதபடி இறுகிக்கொண்டன.

மலையின் கறையை மறைக்க, புல்லுக்கு வாங்கிய பச்சைத் தூளைத் தூவினார். ஈரத்தில் அது திட்டுத் திட்டாகச் செடிபோல் அப்பிக்கொண்டது. உருகிய கோபுரத்தையாவது பார்க்கும்படி ஆக்கலாம் என்று, தீபாவளிக்குப் பூச்சாடிக்கு அடித்த தங்கப் பெயிண்டின் மிச்சத்தைப் பிரஷால் பூசினார். அந்த ஒல்லி உருவம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

"நெஞ்சு படபடன்னு அடிக்குது சீதா."

"உக்காருங்க மொதல்ல! மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓட என்னால முடியாது."

"அந்த மனுசனோட நாட்டையே நாறடிச்சிட்டேன். பேசாம குப்பையில போட்டுடறேன்."

பலகையைத் தூக்கினார். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். பலகையை வைத்துவிட்டு, சோபாவில் கிடந்த பூப்போட்ட பத்தேக் சாரோங் துணியை எடுத்து மேலே போர்த்தினார்.

மோரி சான் மங்குஸ்தான் பையோடு உள்ளே வந்து குனிந்து வணங்கினார். கிடங்கில் கற்ற தமிழில் கேட்டார். "செல்வம், எப்டி இருக்கு ஒடம்பு? இது என்னா, மூடி வெச்சிருக்கு?"

"ஒண்ணும் இல்ல மோரி சான். ரிப்பேர் லா. சாப்பிடலாம் வாங்க."

"உங்களுக்குத்தான் செஞ்சாரு," என்று சீதாலெட்சுமி போட்டு உடைத்தாள்.

திருச்செல்வம் தடுப்பதற்குள் மோரி சான் துணியை விலக்கிவிட்டார்.

மோரி சான் குனிந்து பொந்துக்குள் பார்த்தார். வண்ணக் குச்சிகளை விரலால் மெல்லத் தொட்டார். தங்க உருவத்தின் முன்னால் வந்ததும் முட்டிபோட்டார்.

"மன்னிச்சிடுங்க மோரி சான். எறும்பு வந்திருச்சு, நான் மருந்து அடிச்சேன், அதுல..."

மோரி சான் நிமிர்ந்தார். கண் இரண்டும் கலங்கியிருந்தன.

"ஆபீஸ்ல எல்லாரும் எனக்கு ஜப்பான் சாமானாவே குடுத்தாங்க செல்வம், அதான் அங்கயே இருக்கே! குகை, கலர் படி, தங்கச் சாமி... நீங்க ஒருத்தர்தான் லா எனக்கு இந்த ஊரு பத்துமலைக் கோயில குடுத்தீங்க!"